கொடிமலைக்கு ஜீப்பில் போன வேண்டுதல்

என் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. பார்க்கிறவர்கள் வியர்வை என்று நினைக்க வேண்டும் என்பதற்காகப் பாதையோரக் குழாயைத் திறந்து நானே நனைத்துக்கொண்டது. முதுகுப் பக்கம் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. கொடிமலையில் காலைக் காற்று சில்லென்று அடிக்கும் என்பதை யோசிக்கவில்லை. பற்கள் தந்தியடித்தன.

ஆளுயரச் செடிகள், பந்து பந்தாக நீலப் பூக்கொத்துகள். அவற்றின் பின்னால் குந்தியிருந்தேன். ஐம்பத்து நான்கு வயது, தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், கல்யாண வயதில் ஒரு மகள், நெஞ்சுக்குள் புத்தம் புதிதாக ஒரு ஸ்டென்ட். இத்தனை தகுதிகளோடு ஒரு மனிதன் பூச்செடிக்குப் பின்னால் ஒளிவது பினாங்கில் அடிக்கடி நடப்பதில்லை.

கடிகாரம் எட்டு இருபத்தைந்து காட்டியது. நான் மலையேறி முடிக்க வேண்டிய நேரம் பத்தரை. வாழ்க்கையில் எதற்கும் நேரத்துக்குப் போய்ச் சேராதவன், அன்றைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டேன். மீதி நேரத்தைச் செடியோடு செடியாகக் கழித்துவிட்டு, மூச்சிரைக்க ஓடிப்போய் என் மனைவி முன்னால் நிற்பது திட்டம்.

ஒரு மலாய்க் குடும்பம் பூக்களோடு படம் எடுக்க வந்தது. அந்த அம்மாள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, பூவைப் பார்த்துவிட்டு, பூவுக்குள் இருந்த என் மூஞ்சியைப் பார்த்தார்.

"பாக்சிக், ஓகேயா?"

பாக்சிக் என்றால் பெரியப்பா, சித்தப்பா வகை. சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அன்று நான் போட்டிருந்தது கயிறில்லாத சப்பாத்து.

வேண்டுதல் அவளுடையது, கால் என்னுடையது

போன வாரம் இந்தப் பத்தியில் என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு முடித்திருந்தேன். "பிழைத்தீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். பிழைத்தேன், அம்மா. அதற்குப் பிறகுதான் ஆபத்தே ஆரம்பித்தது.

நான் அந்தக் கட்டிலில் குழாய்களோடு கிடந்தபோது, வெளியே நாற்காலியில் இருந்த கமலா, முருகனோடு ஒரு பேச்சை முடித்துவிட்டாள். கமலா என் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா யாழ்ப்பாண வழி. ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் பிறந்தநாள் வாழ்த்துகூட சர்க்கார் கடிதம் மாதிரி இருக்கும். என் பக்கம் இந்தியாவிலிருந்து வந்த கூட்டம். நாங்கள் வேண்டிக்கொண்டால், "முருகா, காப்பாத்து, ஏதாச்சும் பாத்து செய்யறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். எங்கள் முருகனுக்கும் அது பழகிவிட்டது.

கமலாவின் வேண்டுதலில் ஓட்டை கிடையாது. என் கணவர் நலமாக வீடு திரும்பினால், தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டியிருக்கும் பூந்தோட்டத்து வாசலிலிருந்து, கொடிமலை முருகன் சந்நிதிவரை, கால்நடையாக வந்து, பாலபிஷேகம் செய்வார். எங்கிருந்து, எதுவரை, எப்படி, என்ன. எல்லாம் இருந்தது. என் சம்மதம் மட்டும் இல்லை.

நம் ஆட்களின் வழக்கம் இது. வாய் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. காய்ச்சல் வந்த குழந்தைக்கு அம்மா வேண்டிக்கொள்வாள், மொட்டை குழந்தைக்கு. பரீட்சை எழுதுகிற தம்பிக்கு அக்கா வேண்டிக்கொள்வாள். தைப்பூசத்தில் காவடி தம்பி தோளில். இதை யாரும் எதிர்த்து நான் பார்த்ததில்லை. எதிர்த்தால் அதற்கு ஒரு வேண்டுதல் வைப்பார்கள்.

"டாக்டரு மெதுவா நடக்கலாம்னுதானே சொன்னாரு?" என்றேன்.

"மெதுவா நடங்க. யார் ஓடச் சொன்னது?"

"அவரு சமதரையைச் சொன்னாரு."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அடுத்த தடவை போனபோது அவளே கேட்டுவிட்டு வந்தாள். நின்று நின்று ஏறலாம், மூச்சு முட்டினால் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஆள் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

வெயிலுக்குப் பயந்தவர்கள் கண்டுபிடித்த மலை

இந்தத் தீவிலேயே உயரமானது கொடிமலைதான். எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர். உலகத்து மலைகளின் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று எட்டிப் பார்க்கிற உயரம். ஆனால் கடல் மட்டத்திலிருந்து நேராக எழும்புவதால், ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட் ஜன்னலிலிருந்து பார்த்தால் பெரிய மலைபோலவே பாவனை காட்டும். எனக்கும் அந்தக் குணம் உண்டு.

வெள்ளைக்காரர்கள் தீவுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே நகரத்து வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மேலே ஏறிவிட்டார்கள். குளிர்ச்சியாக இருந்தது. பங்களா கட்டினார்கள், ஸ்ட்ராபெரி நட்டுப் பார்த்தார்கள். துறைமுகத்துக்குச் சேதி சொல்ல மேலே ஒரு கம்பம் நட்டுக் கொடி ஏற்றினார்கள். அதனால் நமக்குக் கொடிமலை. மலாய்க்காரர்களுக்கு புக்கிட் பெண்டேரா, அதுவும் கொடிமலைதான். கொடி இறங்கி எத்தனையோ காலமாயிற்று, பெயர் மட்டும் இன்னும் பறக்கிறது.

பாதை வெட்டியவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். கடல் தாண்டி அனுப்பப்பட்ட கைதிகளும், கூலிக்கு வந்தவர்களும். துரைகளும் துரைசானிகளும் அந்தப் பாதையில் நடக்கவில்லை. நாற்காலியில் மூங்கில் கட்டி டோலியாக்கி, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

என் பாட்டனாரின் அப்பா அப்படி டோலி தூக்கியவர் என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. உண்மையா என்று தெரியாது. குண்டான துரைசானி ஒருத்தியை நிற்காமல் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாராம். கல்யாணப் பேச்சுகளில் இது கட்டாயம் வரும். மூன்று தலைமுறைக்கு முன்னால் எங்கள் ஆள் இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார். என்னால் என்னையே தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. குடும்பம் முன்னேறிவிட்டது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு ரயில். முதலில் போட்ட ரயில் ஏறவே மறுத்துவிட்டதாம். எனக்கு அந்த ரயில் மீது தனி மரியாதை. இரண்டாவதாகப் போட்டது ஏறியது. என் சின்ன வயதில் அது மரப்பெட்டி. பாதியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். இப்போது ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் கதவு மூடினால் சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறது. காது அடைக்கும், அவ்வளவுதான் சிரமம். கேபிள் கார் வேலை வேறு நடக்கிறது.

இன்னொரு ரகசியம். ரயில் நிற்கிற இடத்தில் எல்லோரும் கையை விரித்துக்கொண்டு, உச்சியைத் தொட்டதாகப் படம் எடுக்கிறார்கள். அது உச்சியே கிடையாது. உண்மையான உச்சி இன்னும் மேற்கே, மரங்களுக்குள். பொதுவாக யாரும் அவ்வளவு தூரம் மெனக்கெடுவதில்லை. கமலா "உச்சிவரை" என்று வேண்டாமல் "சந்நிதிவரை" என்று வேண்டினாள். கிளார்க் மகளைக் கட்டியதால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த இரண்டு கிலோமீட்டரோ என்னவோ.

நெஞ்சை இறுக்கியது

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு, வெளிச்சம் வந்தும் வராத நேரத்தில், பூந்தோட்டத்து வாசலில் நடக்கத் தொடங்கினேன். ஜீப் பாதை, தார் போட்டது. வழவழப்பான பாதைதானே என்று நினைக்காதீர்கள். செங்குத்தாக எழுந்து, கொண்டை ஊசி மாதிரி வளைந்து, மறுபடி எழும். ஒரு வளைவு முடிந்தால் இளைப்பாறலாம் என்று போவோம். அங்கே அதைவிட மோசமான ஒன்று காத்துக்கொண்டிருக்கும்.

கமலாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் கெட்டுப்போனால், சரியாகும்வரை தங்கை வீட்டில் தங்கிவிடுவாள். அவள் ரயிலில் வந்து மேலே எனக்காகக் காத்திருப்பதாக ஏற்பாடு. "பத்து மணி போல வந்துடறேன்" என்றாள். அதை நம்பினேன்.

என் தோள்பையில் இருந்தவை: தண்ணீர், துண்டு, மழைச்சட்டை, விசில், வாழைப்பழம். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை பையில் ஒன்று, சட்டையில் ஒன்று, கால்சட்டையில் ஒன்று, மயங்கி விழுந்தால் எந்தப் பக்கம் விழுவேனோ என்று காலுறைக்குள் ஒன்று.

ஒவ்வொரு வளைவிலும் நின்று நாடியைப் பிடித்து எண்ணினேன். நூறு. நூற்றுப் பத்து. எண்ணினால் பயம் வந்தது. பயந்தால் எண்ணிக்கை ஏறியது. எழுபது வயதிருக்கும் ஒரு சீன ஆன்ட்டி, கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டே என்னைக் கடந்து போனார். திட்டுவதை ஒரு விநாடி நிறுத்தி, "அங்கிள், ஸ்லோ ஸ்லோ லா" என்றார். அதைவிட மெதுவாகப் போக வேண்டுமென்றால் நான் கீழ்நோக்கித்தான் போக வேண்டும்.

பாதி வழியில் ஒரு கொட்டகை. நடக்க வருகிறவர்கள் தேநீர் போட்டுக் குடித்து இளைப்பாறும் இடம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அது வந்தது. நெஞ்சின் குறுக்கே, இடது தோளிலிருந்து வலது விலாவரை, யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல.

செத்தேன் என்று முடிவு செய்துவிட்டேன். முதலில் நினைவுக்கு வந்தது மனைவியோ மகளோ இல்லை. குளிர்ப்பெட்டியில் பாதி வைத்துவிட்டு வந்த ஆட்டுக்கறி. மரணத் தறுவாயில் ஞானம் பிறக்கும் என்பவர்கள் கவனிக்கவும்.

அப்போது கீழேயிருந்து உறுமிக்கொண்டு வந்தது ஒரு ஜீப். ஓட்டியவன் குணா. எங்கள் பிளாக்கில் நான்காவது மாடி. மேலே இருக்கிற சாப்பாட்டுக் கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவன்.

"அண்ணே! என்னண்ணே மூஞ்சி இப்படி இருக்கு? ஏறுங்க ஏறுங்க."

"இல்ல குணா, வேண்டுதல்..."

"உசுரு இருந்தாத்தானே லா வேண்டுதல். ஏறுங்கண்ணே."

ஏறினேன். முட்டைக்கோஸ் மூட்டைக்கும் கதவுக்கும் நடுவில் இடம் பண்ண, தோள்பையைக் கழற்றி மடியில் வைத்தேன். நெஞ்சு வலி நின்றது.

பையை மறுபடி மாட்டினேன். வலித்தது. கழற்றினேன். நின்றது.

பைவாரை ஒரு துளை இழுத்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். இடது தோளிலிருந்து வலது விலாவரை.

"குணா, நிப்பாட்டு, இறங்கறேன்" என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் ஜீப் மூன்று வளைவு தாண்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று. மரங்கள் தாமாகவே கீழே போய்க்கொண்டிருந்தன. எத்தனை சுகம் தெரியுமா, ஏற்றம் தானாக ஏறுவது? ஷிஃப்ட், ஆஸ்பத்திரி, மறுபடி ஷிஃப்ட் என்று ஓடிய உடம்பு. அந்த இருக்கையில் அது கழற்றிப்போட்ட துணிபோல் கிடந்தது.

கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிக்கொண்டேன். "அக்காகிட்ட எதுவும் சொல்லிடாதே" என்றேன். குணா உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போனான்.

அதன் பிறகுதான் குழாய், சட்டை, பூச்செடி.

குணா திரும்பி வந்தான்

ஒன்பதே கால் இருக்கும். ஒரு மணி நேரமாகக் குந்தியதில் கால் எனதா செடியுடையதா என்று தெரியவில்லை. சட்டை காயத் தொடங்கியிருந்தது. மறுபடி ஒருமுறை நனைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே! எங்கண்ணே இருக்கீங்க?"

எழுந்து நின்றேன். குணாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா கோயில்ல நிக்கிறாங்கண்ணே."

"பத்து மணிக்குத்தானே வர்றேன்னா? வந்துட்டாளா?"

"மொத ட்ரெய்ன்லயே வந்துட்டாங்களாம். ஏழு மணியிலேர்ந்து நிக்கிறாங்க. நிக்கிறாங்கன்னா, நிக்கிறாங்கண்ணே. ஐயரு நாக்காலி கொண்டாந்து போட்டாரு, உக்காரல. நான் தண்ணி குடுத்தேன், வாங்கல. வெறுங்காலு. சிமெண்டுத் தரை ஐஸ் மாதிரி கெடக்கு."

"எதுக்கு?"

"நானும் அதான் கேட்டேன். 'அவர் நடந்து வந்து சேர்ற வரைக்கும் நான் உக்காரமாட்டேன், பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன்னு வேண்டியிருக்கேன் தம்பி. அவர் கால் நடக்கிறப்ப என் கால் எப்படி உக்காரும்'னு கேக்குறாங்க." குணா தலையைச் சொறிந்தான். "நான் வாயத் தொறக்கலண்ணே, சத்தியமா. ஆனா கையில இருந்த தக்காளிக் கூடை விழுந்துருச்சு."

இந்தப் பகுதியை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. வேண்டுதலில் எனக்குரியதை மட்டும் சொன்னாள். தனக்குரியதை மறைத்துவிட்டாள்.

கணக்கு சுலபமாக இருந்தது. நான் ஜீப்பிலிருந்து இறங்கி நேரே கோயிலுக்குப் போயிருந்தால் எட்டரைக்கு உட்கார்ந்திருப்பாள். என் பொய் உண்மைபோல் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்த முழங்கால்களோடு ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறாள். நான் பூப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடினேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவன் ஓடக்கூடாது. ஓடினேன்.

"நடந்தோ வந்தனீங்கள்?"

தூணைப் பிடித்துக்கொண்டுகூட அவள் நிற்கவில்லை. அதுவும் சாய்வதில் சேரும் என்று நினைத்திருப்பாள். பால் செம்பு கையில். உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது. கால் விரல்கள் வழுக்குத் தரையைப் பிடிப்பதுபோல் மடங்கியிருந்தன. கணுக்கால் வீங்கிப் பளபளத்தது.

என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "நெஞ்சு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"உண்மையா?"

"உண்மையா."

அவள் முகம் தளர்ந்தது. பிறகு சட்டையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். என் கால்சட்டையில் ஒட்டியிருந்த நீலப் பூவிதழைப் பார்த்தாள். சாதாரண நாட்களில் கமலா நம்மைப் போலத்தான் பேசுவாள். சந்தேகமோ கோபமோ வந்தால் அவள் பேச்சில் யாழ்ப்பாணத்து அப்பா எழுந்து வந்துவிடுவார்.

"நடந்தோ வந்தனீங்கள்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. உடனே உட்கார்ந்துவிடுவாள், தண்ணீர் குடிப்பாள், அபிஷேகம் நடக்கும், வீட்டுக்குப் போகலாம். உண்மையைச் சொன்னால் நிற்பாள். இப்படி ஒரு கேள்வித்தாளை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குத் தந்ததில்லை. பொய் நாக்கின் நுனிவரை வந்தது. பொய் சொல்வதில் எனக்கு முப்பது வருடப் பயிற்சி. மேனேஜர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அவளுக்குப் பின்னால் முருகன் நின்றுகொண்டிருந்தார், வேலோடு. இனி வாழ்நாள் முழுக்க நெஞ்சில் ஒரு வாயு பிடித்தாலும் அந்த வேல்தான் நினைவுக்கு வரும். வீரத்தால் உண்மை பேசியவர்கள் இருக்கலாம். நான் பயத்தால் பேசினேன்.

"பாதிதான் கமலா. தேத்தண்ணிக் கொட்டகை வரைக்கும். அப்புறம் குணா ஜீப்பு. நெஞ்சு வலின்னு நெனச்சேன். பைவாரு."

"எத்தனை மணிக்கு ஏறினீங்கள்?"

"எட்டு."

"எட்டரைக்கு இங்க வந்திருப்பீங்களே. இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீங்கள்?"

"பூச்செடிக்குப் பின்னால."

ஐயர் இருமினார். குணா தக்காளி பொறுக்கத் தொடங்கினான். தரையில் தக்காளியே இல்லை.

கமலா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செம்பைப் பார்த்துக்கொண்டே களைத்த குரலில் சொன்னாள்:

"அப்ப நீங்கள் இன்னும் வரேல்லை."

"கமலா..."

"நீங்கள் நடந்து வரும்வரைக்கும் எண்டு வேண்டினனான். நீங்கள் வரேல்லை. நான் நிக்கிறன்."

ஐயர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "அம்மா, முருகன் இதெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டாரு. உக்காருங்கம்மா."

"அவர் பார்க்கமாட்டார் ஐயா. நான் பார்ப்பன்."

அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. டோலி தூக்கிய வம்சம். ஆனால் யாராவது அவளைத் தூக்கி உட்காரவைத்தால் அந்த மலையே ரயிலேறிக் கீழே போய்விடும்.

"கொட்டகையிலேர்ந்து மறுபடி ஏறறேன்" என்றேன். "அதுவரைக்கும் நடந்தது சேரும்ல?"

"சேரும்."

"இறங்கறதுக்கு ஜீப்பு எடுக்கலாமா?"

கமலா யோசித்தாள். நிஜமாகவே, ஒரு விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல் யோசித்தாள்.

"இறங்கிறது வேண்டுதலில இல்லை."

குணா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "மெதுவா ஏறுங்க. நான் எங்கயும் போகமாட்டேன்." அவள் அப்பா போய்விட்டிருந்தார். மறுபடி கமலாவின் குரல்.

இரண்டாம் ஏற்றம்

கொட்டகையில் என்னை இறக்கிவிட்டபோது பத்தாகியிருந்தது. "பின்னாலேயே மெதுவா வரட்டுமா?" என்றான் குணா.

"பொண வண்டி மாதிரி பின்னால வராதே. மேல போய் அவகூட இரு. போன் பண்ணு."

நடந்தேன். வேகமாகப் போனால் என் நெஞ்சு. மெதுவாகப் போனால் அவள் முழங்கால். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கும் என்று தேடிக்கொண்டே நடந்தேன். அப்படி ஒன்று கிடையாது. நிற்கும்போதெல்லாம் அவள் நிற்பது தெரிந்தது.

வெயில் மரங்களுக்குள் இறங்கிவிட்டது. இப்போது வழிந்தது சொந்த வியர்வை. அதன் உப்பு கண்ணில் இறங்கி எரிந்தது. பையை ஒரு மைல் கல்லின் மேல் வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிறகு அதையும் குடிக்க மனம் வரவில்லை. கையில் பிடித்துக்கொண்டே ஏறினேன்.

குணா கால் மணிக்கு ஒருமுறை அழைத்தான்.

"நிக்கிறாங்கண்ணே."

"நிக்கிறாங்கண்ணே. ஒரு காலை மாத்தி மாத்தி நிக்கிறாங்க."

"நிக்கிறாங்க. கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாங்க."

நான்காவது அழைப்பு வர நேரமாயிற்று. வந்தபோது குணாவுக்கு மூச்சிரைத்தது.

"அண்ணே, அக்காவைக் காணோம். தக்காளிய கடையில குடுத்துட்டு வந்து பாக்குறேன், ஆளக் காணோம். ஐயரு உள்ள பூசையில இருந்தாராம், பாக்கலியாம்."

மயங்கி விழுந்திருப்பாள் என்று தோன்றியது. எங்கேயோ பின்பக்கம், சுவரோரம், யாரும் பார்க்காத இடத்தில். மாத்திரைகள் என் காலுறைவரை இருந்தன, எல்லாம் எனக்கு. நாடியை எண்ணவில்லை. அந்த ஏற்றத்தில் எனக்கு நாடி இருந்ததா என்றே நினைவில்லை. இரண்டு வளைவு. மூன்றாவது வளைவு.

அங்கே, ஏற்றத்தின் மேல்முனையில், ஒரு முதுகு தெரிந்தது. மஞ்சள் சேலை. முதுகைக் காட்டிக்கொண்டே, ஓரச் சுவரில் ஒரு கை ஊன்றி, அடி மேல் அடி வைத்துப் பின்பக்கமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. முழங்கால் தேய்ந்தவர்கள் இறக்கத்தில் அப்படித்தான் இறங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திரும்பினால் வலி. அதனால் தான் எங்கே போகிறோம் என்று பார்க்காமலே, செருப்பில்லாமல், அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"கமலா!"

நின்றாள். திரும்பவில்லை. "வந்துட்டீங்களா?"

"என்ன பண்றே நீ?"

"ஒரே இடத்துல நிக்க முடியல. நடந்தா கொஞ்சம் தேவலாம் போல இருந்துச்சு."

"வேண்டுதல்?"

"உக்காரல. தண்ணி குடிக்கல. எங்க நிக்கணும்னு நான் சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கோபமாதான் இருக்கேன். அத வீட்ல வச்சுக்கலாம்."

கையைப் பிடித்தேன். சில்லிட்டுப்போயிருந்தது. சேர்ந்து ஏறினோம்.

பத்தடிக்கு ஒருமுறை அவள் நின்று, "எனக்கு மூச்சு வாங்குது" என்பாள். அவளுக்கு வாங்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் நின்றாள். அடுத்த பத்தடியில் நான் நின்று, "இந்த மரம் என்ன மரம்?" என்பேன். மரத்தைப் பற்றி எனக்கு என்ன கவலை? அவள் முழங்காலுக்காகக் கேட்டேன். இருவருக்கும் இது தெரியும். அந்த மலையில் அன்று பார்க்காத மரம் பாக்கி இல்லை.

கீழே நகரம் தெரிந்தது. கடல், பாலம், அக்கரையில் செபராங் பிறை, இன்னும் வடக்கே மங்கலாகக் கெடா மலை. நின்று ரசிக்கிற இடம் என்று எல்லோரும் எழுதுவார்கள். நாங்கள் பார்க்கவில்லை. தாரையே பார்த்துக்கொண்டு ஏறினோம்.

கோயில் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. சந்நிதி சாத்தியிருந்தது. உச்சிப் பூசை முடித்து, பூட்டிவிட்டு, ஐயர் சாப்பிடப் போய்விட்டார். சாயங்காலம்தான் திறப்பார். படியோரம் குணா பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, திருடன்போல் முழித்தான்.

"எவ்வளவோ சொன்னேண்ணே. நேரமாச்சுன்னுட்டாரு."

நான் கமலாவைப் பார்த்தேன். சந்நிதி மூடியிருந்தால் வந்து சேர்ந்ததாக ஆகுமா, ஆகாதா? இதற்கு அவள் சட்டத்தில் என்ன இருக்கிறதோ.

அவள் மூடிய கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தூணைப் பிடித்து, ஒரு முழங்காலை மடக்கி, முனகி, இன்னொன்றை மடக்கி, படியில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்க" என்றாள்.

தண்ணீரைக் கொடுத்தேன். நிறுத்தாமல் பாதி குடித்தாள். மீதியை நான் குடித்தேன். குணா சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். அவன் திரும்பி வருவதற்குள் கமலா என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள், வாய் லேசாகத் திறந்து. நான் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

சாய்ந்தது இடது தோளில். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை மரத்துப்போனது. தோளிலிருந்து விரல்நுனிவரை ஊசி குத்தியது. இடது கை மரத்தால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரியில் தந்த தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

சாப்பாடு வந்தது, ஆறியது. கையை நான் அசைக்கவில்லை.